பந்தை நாய் கவ்வினால்: கோல்ஃப் விதிகளில் விலங்குகள்

ஆட்டத்தில் இருக்கும் கோல்ஃப் பந்தை ஆட்டக்காரரோ அவருடைய மட்டைப்பையைச் சுமக்கும் கேடியோ அல்லாத ஓர் உயிர் நகர்த்துவது, தடுப்பது, தூக்கிச் செல்வது, அல்லது அதன் அருகே போகவிடாமல் நிற்பது ஆகியவற்றுக்கெல்லாம் கோல்ஃப் விதிகளில் தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. இந்த ஆட்டத்துக்கு அவை மிகவும் தேவை. கிரிக்கெட் மைதானத்துக்குள் நாய் ஓடிவந்தால் அது செய்தி. கோல்ஃப் மைதானத்திலோ விலங்குகள்தான் குடியிருப்போர். ஆட்டக்காரர்கள் காலையில் வந்து மத்தியானம் போகிறவர்கள். கிரிக்கெட் சட்டங்களில் மைதானத்துக்குள் வரும் ஆள், விலங்கு, பொருள் எதுவானாலும் ஓர் அணிக்குப் பாதகம் நேர்ந்தால் நடுவர் 'டெட் பால்' அறிவிக்கலாம் என்ற தெளிவான வாசகம் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. கோல்ஃப் அதற்கு மிகவும் முந்தியது. ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் 1744-இல் எழுதப்பட்ட 13 விதிகள்தான் நமக்குக் கிடைத்துள்ள கோல்ஃப் விதித்தொகுப்புகளில் மிகப் பழையது. ஓடும் பந்தை ஆளோ, குதிரையோ, நாயோ தடுத்துவிட்டால் அது நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும் என்று அதன் பத்தாவது விதி சொல்கிறது.

மதுரை வட்டாரத்துக்கு கோல்ஃப் என்றால் கொடைக்கானல்தான். 1845-இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி அங்கே வீடு கட்டினார்கள். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் அங்கே ஏரியை அமைத்தார். 1895-இல் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தொடங்கியது. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும்வரை அந்த மலையும் மதுரை மாவட்டம்தான். சோலைக்காட்டையும் புல்வெளியையும் ஒட்டிய அந்தப் பதினெட்டுக் குழி மைதானத்தில் காட்டுமாடுகள் மேய்வது இன்றைக்கு யாருக்கும் புதிதல்ல. விலங்கு பற்றிய விதிகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே சோதித்துப் பார்த்துவிடலாம். மீதிக்குக் கீழே சமவெளியில் திரியும் தெருநாய், காகம், மயில், கண்ணாடிவிரியன், கரையான் ஆகியவை போதும்.

இன்றைய விதிகளை ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்காவின் யு.எஸ்.ஜி.ஏ. அமைப்பும் சேர்ந்து வெளியிடுகின்றன. 2019-இல் அவை அடியோடு திருத்தி எழுதப்பட்டன. 2023-இல் சில மாற்றங்கள் சேர்ந்தன. அவற்றின்படி மனிதர் தவிர எல்லா உயிர்களும் விலங்குகளே: யானை, பறவை, பாம்பு, தவளை, மண்புழு, சிலந்தி உட்பட. எந்த விலங்கும் பந்தைப் பொறுத்தவரை ஒரு 'வெளிக்காரணி'. காற்றும் ஓடும் நீரும் அப்படியல்ல. அவை இயற்கைச் சக்திகள். காற்று பந்தை நகர்த்தினால், பொதுவாக அது போய் நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும். நாய் நகர்த்தினால் கணக்கே வேறு.

விலங்கு எது என்பதைவிட, அது குறுக்கிட்ட நொடியில் பந்து நின்றிருந்ததா, ஓடிக்கொண்டிருந்ததா என்பதே முதல் கேள்வி. தீர்ப்பு பெரும்பாலும் அங்கேயே பிரிந்துவிடுகிறது.

நின்ற பந்தை விலங்கு நகர்த்தினாலோ தூக்கினாலோ யாருக்கும் அபராதம் இல்லை. பந்தை முன்பு இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உயரத்திலிருந்து விடும் 'டிராப்' இங்கே கிடையாது, கையால் வைப்பதுதான். சரியான புள்ளி தெரியாவிட்டால் மதிப்பிட்டு வைக்கலாம். நேர்மையாக, இயன்றவரை கவனமாக மதிப்பிட்டிருந்தால், பிறகு வீடியோவில் ஓரிரு அடி தள்ளித் தெரிந்தாலும் அந்த மதிப்பீடே செல்லும். பந்து காகத்தின் அலகிலோ குரங்கின் கையிலோ இருந்தால் துரத்திப் போக வேண்டியதில்லை. சில நொடிகளில், நியாயமான முயற்சியில் மீட்க முடியாத பந்துக்குப் பதில் வேறு பந்து வைக்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு, நாய் கொண்டுபோய்ப் போட்ட இடத்திலிருந்தே ஒருவர் தெரிந்தே அடித்தால் அது தவறான இடத்திலிருந்து ஆடியதாகும். மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் இரண்டு அடி அபராதம். குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் மேட்ச் பிளேயில் அந்தக் குழியே போய்விடும்.

இதற்கு உலகம் பார்த்த உதாரணம் 1998-இல் ஃபுளோரிடாவின் சாக்ராஸ் மைதானத்தில் நடந்த பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டி. நாற்புறமும் தண்ணீர் சூழ்ந்த பதினேழாவது குழியின் கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய மழித்த புல்தரையில், நின்றிருந்த ஒரு பந்தைக் கடற்பறவை ஒன்று பலமுறை கொத்தி, கடைசியில் தூக்கிக்கொண்டு பறந்து தண்ணீரில் போட்டது. பந்து தண்ணீரில் விழுந்தால் வழக்கமாக வரும் அபராதம் அந்த ஆட்டக்காரருக்கு வரவில்லை. பந்து கிரீனில் நின்ற இடம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அங்கேயே ஒரு பந்து வைக்கப்பட்டது.

1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டனுக்கு வெளியே உள்ள கிளப்புகளில் மிகப் பழையது. கல்கத்தாவில் குரங்குகளின் தொல்லை தாங்காமல், குரங்கு போட்ட இடத்திலிருந்தே ஆடு என்று வெள்ளைக்காரர்கள் விதி செய்துகொண்டதாக ஒரு கதை தன்னம்பிக்கை மேடைகளில் ஓயாமல் சொல்லப்படுகிறது. வருவதை ஏற்றுக்கொள் என்ற உபதேசத்துக்கு அது வசதியாக இருக்கலாம். கோல்ஃப் விதியோ இன்று அதற்கு நேர் எதிர்: நின்ற பந்தைக் குரங்கு எடுத்தால், போட்ட இடத்திலிருந்து ஆடுவதுதான் குற்றம்.

ஓடும் பந்தின் கதி வேறு. அடித்த பந்து போகும் வழியில் தற்செயலாக ஒரு விலங்கின் மேல் பட்டால், பட்டுத் தெறித்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே ஆட வேண்டும். மயில்மேல் பட்டுக் குழிக்கருகே உருண்டாலும் சரி, காகத்தின்மேல் பட்டுப் புதருக்குள் விழுந்தாலும் சரி, ஆட்டக்காரர் ஏற்க வேண்டியதுதான். 1744-இன் நாயும் குதிரையும் இன்றும் அப்படியே செல்லுபடியாகின்றன. மைதானத்தின் மேலே போகும் மின்கம்பியில் பந்து பட்டால் அந்த அடியைக் கணக்கில் எடுக்காமல் மறுபடி அடிக்க வேண்டும் என்று போட்டிக்குழு உள்ளூர் விதி வைக்க முடியும். காகத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. கம்பி எப்போதும் ஒரே இடத்தில் நிற்பது, காகம் அப்படியல்ல என்பதுதான் வேறுபாடு என்று கொள்ளலாம்.

இந்த இரட்டை அளவுகோலில் நியாயம் இருக்கிறது. நின்ற பந்துக்கு ஓர் இடம் சொந்தமாகிவிட்டது. அதைப் பறித்தால் திருப்பித் தரலாம். ஓடும் பந்துக்கு இன்னும் இடமே இல்லை. தடுக்கப்படாமல் இருந்தால் எங்கே போயிருக்கும் என்று தீர்மானிக்கப் புகுந்தால் ஒவ்வொரு குழியும் வழக்குமன்றமாகிவிடும்.

ஓடும் பந்துக்கு இரண்டு விலக்குகள் உண்டு. மேயும் மாட்டின் முதுகில் பந்து தங்கிவிட்டாலோ, உருண்டு வரும் பந்தை நாய் கவ்விக்கொண்டாலோ, விலங்கின் மேலிருந்தபடியே ஆட யாரும் கேட்கப் போவதில்லை. பந்து அதன்மேல் முதலில் தங்கிய இடத்துக்கு நேர் கீழே உள்ள தரையை மதிப்பிட்டு, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு இன்னும் நெருங்காமல் டிராப் எடுக்க வேண்டும். அந்த இடம் கிரீனாக இருந்தால் கையால் வைக்க வேண்டும். கிரீனிலிருந்தே அடித்த பந்து அங்கு நின்ற நாய்மேல் பட்டால் அந்த அடி கணக்கில் வராது. முதல் இடத்திலிருந்து திரும்ப அடிக்க வேண்டும். ஆனால் அதே பந்து ஓர் எறும்பிலோ வண்டிலோ பட்டால் திரும்ப அடிப்பது கிடையாது. 2023 திருத்தத்தின்படி நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும். கிரீனில் பூச்சி இல்லாத காலை ஏது?

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் தகராறு வருவது பெரும்பாலும் சாட்சியத்தில். விலங்குதான் நகர்த்தியது என்பது 'தெரிந்திருக்க' வேண்டும், அல்லது 'கிட்டத்தட்ட நிச்சயமாக' இருக்க வேண்டும். குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நிச்சயம் என்று விதிநூல் அதற்கு அளவும் தருகிறது. வெறும் சந்தேகம் போதாது. கொடைக்கானலில் மஞ்சு இறங்கிய காலையை நினைத்துக்கொள்ளலாம். அடித்த பந்து நேராகப் போனதை நால்வரும் பார்த்தார்கள். விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால் பந்தைக் காணோம். சற்றுத் தள்ளி இரண்டு நாய்கள் நிற்கின்றன. நாய்தான் எடுத்திருக்கும் என்று நால்வருக்குமே தோன்றலாம். ஆனால் அந்த இடத்தில் பந்தை மூடும் அளவுக்குப் புல்லோ, சரிவோ, ஓடையோ இருந்தால் தொண்ணூற்றைந்து பங்கு நிச்சயம் வராது. தேட மூன்று நிமிடம். 2019-க்கு முன்பு ஐந்து நிமிடம் இருந்தது. அதற்குள் கிடைக்காவிட்டால் பந்து தொலைந்ததாகிவிடும்: ஓர் அடி அபராதத்துடன், முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப நடக்க வேண்டும்.

இதே காட்சியில் மைதான ஓரமாகப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "அந்தச் செவலை நாய்தான் சார் தூக்கிட்டுப் போச்சு, தோ அந்த மரத்தடியில கெடந்துச்சு பந்து" என்று சொல்லிவிட்டால் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. பந்து நின்றிருந்தது, நாய் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது ஆகிய மூன்றுக்கும் சாட்சி கிடைத்துவிட்டது. அபராதம் இல்லை, மரத்தடியில் வேறு பந்து வைத்து ஆடலாம். சாட்சி சொல்பவர் கிளப் உறுப்பினரா, கூலிக்கு வந்தவரா என்று விதி பார்ப்பதில்லை. நியாயமாகத் திரட்டக்கூடிய தகவல் எல்லாவற்றையும் திரட்டித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆகவே பந்து காணாமல் போனதும் புதரைக் கிளறுவதற்கு முன் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்பது புத்திசாலித்தனம்.

காலமும் முக்கியம். நிச்சயம் இருந்ததா என்பது அடிக்கும் நேரத்தில் இருந்த தகவலை வைத்தே தீர்மானிக்கப்படும். பந்து கிடந்த இடத்திலிருந்து ஒருவர் அடித்துவிட்டார். அடுத்த குழிக்கு வந்தபின், அது நாய் உருட்டிவிட்ட பந்து என்று யாரோ சொல்கிறார்கள். அவர் தவறான இடத்திலிருந்து ஆடியதாகக் கொள்ளப்படமாட்டார். அடித்தபோது அது அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வழியும் இல்லை. அந்த அடி செல்லும்.

விலங்கு பந்தைத் தொடாமலே ஆட்டத்தைத் தடுக்க முடியும். கொடைக்கானலில் இதுதான் பெரிய பிரச்சினை. முழு வளர்ச்சி அடைந்த ஆண் காட்டுமாடு ஒரு டன் எடைவரை இருக்கும். சும்மா மேய்ந்துகொண்டிருக்கும், ஆனால் தலையைத் தாழ்த்திவிட்டால் ஓட நேரம் கிடைக்காது. அது நிற்கும் இடத்துக்குப் பத்தடி தள்ளிப் பந்து கிடந்தால் என்ன செய்வது? 2019 முதல் இதற்குத் தனி விதி உண்டு. பந்தைக் கிடந்த இடத்திலிருந்து ஆடினால் ஆட்டக்காரருக்குக் கடுமையான காயம் நேரக்கூடிய விதத்தில் ஆபத்தான விலங்கு அருகில் இருந்தால், அபராதமின்றி விலகி ஆடலாம். விதிநூல் தரும் உதாரணங்கள் நச்சுப்பாம்பு, கொட்டும் தேனீ, முதலை, நெருப்பெறும்பு, கரடி. காட்டுமாடு பட்டியலில் இல்லாவிட்டாலும் பட்டியல் உதாரணத்துக்குத்தான். ஆபத்து இல்லாத மிக அருகிலுள்ள புள்ளியைக் கண்டு, அதிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் டிராப் எடுக்க வேண்டும். பந்து ஏற்கெனவே முள்புதருக்குள் மாட்டி எப்படியும் அடிக்க முடியாத நிலையில் கிடந்தால் மாட்டைக் காரணம் காட்டி வெளியே எடுக்க முடியாது.

கல்லெறிந்தோ கத்தியோ காட்டுமாட்டை விரட்டுவது விதிநூல் காட்டும் வழியல்ல. நாட்டுச் சட்டத்துக்கும் அது ஒத்துவராது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுமாடு முதல் அட்டவணையில் உள்ள உயிர். 2013-இல் கொடைக்கானல் காடுகள் வனவிலங்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. போட்டி நடக்கும்போது மந்தையே ஆட்டப்பாதையான ஃபேர்வேயில் இறங்கிவிட்டால், போட்டிக்குழு ஆட்டத்தை நிறுத்திவைப்பதே சரி.

மந்தை போன பிறகும் அது விட்டுச்சென்றவை மைதானத்திலேயே இருக்கும். முதலாவது குளம்படி. ஈரமான கிரீனில் பதிந்த குளம்புக்குழியைச் சரிசெய்துகொள்ள 2019 முதல் அனுமதி உண்டு. ஃபேர்வேயில் அந்த அனுமதி இல்லை. அங்கே ஒரு குளம்புக்குழியில் பந்து இறங்கிவிட்டால் குழியின் விளிம்பை அமுக்கிவிடுவது, பந்து கிடக்கும் நிலையை மேம்படுத்திய குற்றம். இரண்டு அடி அபராதம். தனியான காலடித்தடம் விலங்கு தோண்டிய குழியாகக் கருதப்படுவதில்லை. பந்து தானே விழுந்து பதித்த குழியும் அது அல்ல, ஆகவே புதைந்த பந்துக்கான சலுகையும் வராது. கிளப் நிர்வாகம் உள்ளூர் விதி ஒன்றின் மூலம் குளம்புச் சேதத்தைப் 'பழுதுபார்க்கும் நிலமாக', அதாவது அபராதமின்றி விலகி ஆடக்கூடிய இடமாக, அறிவித்தால்தான் விடுதலை. உகாண்டாவின் ஜின்ஜா கிளப்பில் நீர்யானையின் காலடிக்குள் விழுந்த பந்தை அபராதமின்றி எடுத்து டிராப் செய்யலாம் என்று விதி வைத்திருந்தது கோல்ஃப் உலகில் பிரசித்தம். வேடிக்கைக்காக அதைச் சொல்வார்கள். மாடு மேயும் மைதானத்துக்கு அதுவே முன்மாதிரி.

இரண்டாவது சாணம். அது, சருகு சுள்ளியைப் போல, அகற்றக்கூடிய தளர்ந்த பொருள். பங்கர் எனப்படும் மணல்பள்ளத்திலும்கூட இப்போது அகற்றலாம். அகற்றும்போது பந்து நகர்ந்துவிட்டால் ஓர் அடி அபராதம், பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். கிரீனில் மட்டும் அபராதம் இல்லை. பந்தின் மேல் ஒட்டிக்கொண்ட சாணம் இதில் சேராது. ஒட்டியது ஒட்டியதுதான், துடைக்க முடியாது, கிரீனை அடைந்தபின் அல்லது வேறு விதி பந்தை எடுத்துத் துடைக்க அனுமதிக்கும்போதுதான் சுத்தம் செய்யலாம்.

காட்டுப்பன்றி கிழங்குக்காகக் கிளறிய இடம் வேறு வகை. 2019-க்கு முன் வளை தோண்டி வாழும் விலங்கின் குழிக்கு மட்டுமே சலுகை இருந்தது. இரை தேடி நாய் தோண்டிய குழிக்குக் கிடையாது. இப்போது புழு பூச்சிகள் தவிர எந்த விலங்கு தோண்டிய குழியும் சேரும். பெருச்சாளி வளை, அதன் வாயில் குவிந்த மண், வளைக்குப் போகும் தேய்ந்த தடம் எல்லாம் அதில் அடக்கம். பங்கர் மணலைப் பறித்து நாய் படுக்கை போட்டிருந்தால், பங்கருக்குள்ளேயே வேறிடத்தில் அபராதமின்றி டிராப் எடுக்கலாம்.

பாம்பு விஷயத்தில் விதி நுணுக்கமானது. உயிருள்ள நல்லபாம்போ கண்ணாடிவிரியனோ பந்துக்கு அருகில் இருந்தால் ஆபத்து விதி பொருந்தும். செத்த பாம்பு வெறும் தளர்ந்த பொருள்; குச்சியால் தள்ளிவிட்டு ஆடலாம். சாரைப்பாம்புக்கு நஞ்சில்லை என்பதால் கண்டிப்பாகப் பார்த்தால் சலுகை இல்லை. ஆனால் புல்லுக்குள் பாதி மறைந்த சாரையை நல்லபாம்பு என்று எண்ணுவது இயல்பு. தலையை எட்டிப்பார்த்து உறுதிசெய் என்று எந்த நடுவரும் சொல்லக்கூடாது. கட்டெறும்பு அப்படியல்ல. கடித்தால் கண்ணில் நீர் வரும். ஆனால் கடுமையான காயம் என்ற அளவுக்கு அது எட்டாது. மரக்கிளையில் மலைத்தேனீ கூடு கட்டி, அதன் கீழே பந்து கிடந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

புழு, பூச்சி, அவை எழுப்பும் சிறு மண்மேடு, சிலந்தி வலை ஆகியவற்றை அகற்றிவிடலாம். கரையான் புற்றில்தான் சிக்கல். செம்மண்ணில் இறுகி முழங்கால் உயரம் நிற்கும் புற்றை எளிதில் அகற்ற முடியாது. கிளப் அதைச் சுற்றிக் கோடு போட்டுப் பழுதுபார்க்கும் நிலமாக அறிவித்துவிடுவது நல்லது.

விலங்குக்கு ஆட்டக்காரரால் வரும் ஆபத்தையும் விதிநூல் மறக்கவில்லை. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை; திறந்த தரையில் நாலைந்து கற்களுக்கிடையே முட்டையிடும், முட்டைக்கும் கல்லுக்கும் வேறுபாடு தெரியாது. அடிப்பதாலோ நிற்பதாலோ அப்படிப்பட்ட இருப்பிடம் சேதமாகக்கூடும் என்றால், யாரும் குறித்து வைக்காவிட்டாலும் அது பழுதுபார்க்கும் நிலமாகவே கருதப்படும். அபராதமின்றி விலகி ஆடலாம்.

எந்த விதி பொருந்தும் என்று அங்கேயே தெரியாமல் போனால் ஸ்ட்ரோக் பிளேயில் ஒரு வழி உண்டு. எந்தப் பந்தைக் கணக்கில் சேர்க்க விரும்புகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஆட்டக்காரர் அந்தக் குழியை இரண்டு பந்துகளால் முடிக்கலாம். இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வந்தாலும் ஸ்கோர் அட்டையைக் கொடுப்பதற்கு முன் குழுவிடம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்; சொல்லாமல் கொடுத்தால் தகுதி நீக்கம். மேட்ச் பிளேயில் இரண்டு பந்து முறை கிடையாது. அங்கே எதிராளியுடன் பேசி ஒத்துக்கொள்ளலாம், அல்லது பின்னர் தீர்ப்புக் கேட்கப் போவதாக உரிய நேரத்தில் அவரிடம் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம்.